"ஹலோ" என்றதும் "சொல்லுங்க சார்" என்கிறார்களா?

திருநங்கையருக்கான குரல் பயிற்சி: அவர்கள் மட்டுமல்ல, வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்!

ஸ்ரீபெரும்புதூர் என்றால் ஒரு காலத்தில் ராமானுஜர் அவதரித்த தலம், அவ்வளவுதான். இப்போது விடியற்காலை ஐந்தரை மணிக்கு சுங்குவார்சத்திரத்திலோ ஒரகடம் கூட்ரோட்டிலோ நின்று பாருங்கள். கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்க, கையில் டிபன் பாக்ஸோடு, கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இளைஞர்களும் பெண்களும் வரிசையாக நிற்பார்கள். கார், டயர், மோட்டார் சைக்கிள், செல்போன் என்று என்னென்னவோ தயாராகும் பூமி இது. படப்பை, வல்லம், வாலாஜாபாத் பக்கம் மாடியில் ஒரு போர்ஷன் கட்டி, இவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கும் வாசகர்களும் நம்மில் நிறையப் பேர் இருப்பீர்கள்.

அப்படி உங்கள் வீட்டு மாடியில் ஒரு பெண் குடியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் எதுவாகவும் இருக்கட்டும். காலையில் 'ம்ம்ம்...' என்று ஒரு ரீங்காரம். கொஞ்ச நேரம் கழித்து டம்ளரில் ஸ்ட்ரா வைத்துக் குழந்தைகள் விளையாடுமே, அந்த 'புளுக் புளுக்' சத்தம். அப்புறம் 'ஈஈஈ' என்று கீழேயிருந்து மேலே போகிற ஒரு இழுப்பு. "என்னங்க இது, அந்தப் பொண்ணு காலங்கார்த்தாலே என்ன பண்ணுது?" என்று நீங்கள் வீட்டுக்காரரிடம் கேட்பீர்களா, மாட்டீர்களா?

அந்தப் பெண் ஒரு திருநங்கை. பெண்ணாக வாழத் தொடங்கி சில மாதங்கள்தான் ஆகின்றன. டாக்டரின் மேற்பார்வையில் ஹார்மோன் எடுத்துக்கொள்கிறார். முடி வளர்ந்துவிட்டது, சுடிதார் பழகிவிட்டது. பஸ்ஸில் பக்கத்து சீட் அக்கா "நகரும்மா" என்கிறாள். எல்லாம் சரி. அப்போது பேங்கிலிருந்து போன் வருகிறது. "ஹலோ" என்கிறார். அந்தப் பக்கம், "சொல்லுங்க சார்!"

மாடிப் பெண் கற்பனைதான். அந்த 'சார்' கற்பனை இல்லை. திருநங்கையரிடம் கேட்டுப் பாருங்கள், ஆளுக்குப் பத்து 'சார்' கதை வைத்திருப்பார்கள். மனசு வலிப்பதோடு விஷயம் முடிவதில்லை. இரவு ஷிஃப்ட் முடிந்து தனியாக நடந்து வரும்போது, யாரோ வழி கேட்க, பதில் சொல்ல வாய் திறந்தால் கேட்டவனின் பார்வையே மாறிவிடும். அடுத்து கேலியா, அடியா தெரியாது. அதனால் எத்தனையோ பேர் வெளியிடத்தில் வாயே திறப்பதில்லை. பஸ்ஸில் சரியான சில்லறையை நீட்டிவிட்டு ஸ்டாப் பெயரைச் சைகையில் காட்டுகிறவர்கள் உண்டு. பேசாமல் இருப்பதே பாதுகாப்பு என்று ஒரு மனுஷி வாழ வேண்டியிருக்கிறது என்றால், இந்தப் பயிற்சியை அலங்கார சமாச்சாரம் என்று ஒதுக்க முடியுமா?

ஹார்மோன் எடுத்தால் குரல் மாறாதா?

பலரும் நினைத்துக்கொண்டிருக்கிற தப்பு இதுதான். மாறாது!

பழைய நாடகக் கம்பெனிகளில் 'மகரக்கட்டு' என்று ஒரு வார்த்தை உண்டு. ஸ்த்ரீபார்ட் போட்டுப் பெயர் வாங்கிய பையனுக்கு ஒரு வயசில் குரல் உடையும். அன்றோடு அவன் வேஷம் போச்சு! உள்ளே நடப்பது இதுதான். பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் சுரக்கச் சுரக்க, குரல்வளை பெரிதாகிறது, அதற்குள் இருக்கும் குரல் நாண்கள் நீளமாகி, தடித்தும் போகின்றன. வீணையில் தடித்த தந்தி மெதுவாக அதிர்ந்து கனமான நாதம் கொடுக்கிற மாதிரி, குரலும் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடுகிறது. பெண்களுக்கும் அந்த வயதில் குரல் சற்றே இறங்கும், ஆனால் கொஞ்சம்தான்.

தடித்த நாண் தடித்ததுதான். பிற்பாடு ஈஸ்ட்ரோஜன் எடுத்தாலும் அது மெலிவதில்லை, குரல்வளையும் சுருங்குவதில்லை. தோல் மிருதுவாகும், மார்பு வளரும், உடம்பில் கொழுப்பு படிகிற இடம் மாறும். குரல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். திருநம்பிகளுக்கு இது நேர் எதிர். டெஸ்டோஸ்டிரோன் எடுக்க ஆரம்பித்ததும் அவர்களுக்குக் குரல் தானாகவே கனத்துவிடும்.

இது தெரியாமல், "டோஸ் போதலை போல" என்று மெடிக்கல் ஷாப்பில் கருத்தடை மாத்திரையை வாங்கி, ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ஐயோ, வேண்டவே வேண்டாம்! குரலுக்கு இம்மியும் பலன் கிடையாது. ரத்தக் குழாயில் ரத்தம் உறைகிற ஆபத்து உண்டு. சிகரெட் பழக்கமும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். ஹார்மோன் என்பது ரத்தப் பரிசோதனை செய்து, டாக்டர் அளவு பார்த்துக் கொடுக்க வேண்டியது.

அதேபோல பனங்கற்கண்டுப் பால், அதிமதுரம், சித்தரத்தை. பாட்டி வைத்தியத்தை நான் குறை சொல்லவில்லை. தொண்டைக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் நாம் விழுங்குவது உணவுக் குழாய்க்குப் போகிறது, குரல் நாண் இருப்பது மூச்சுக் குழாயின் வாசலில். கற்கண்டு எவ்வளவு சாப்பிட்டாலும் சுருதி ஏறாது.

எத்தனை கட்டை?

பாட்டு கற்றுக்கொண்ட வாசகிகளுக்கு இது சட்டென்று புரியும். ஆண் பாடகர்கள் பெரும்பாலும் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை சுருதியில் பாடுவார்கள். பெண்கள் ஐந்து, ஐந்தரை. ஒரு கட்டை என்பது வினாடிக்குச் சுமார் 131 அதிர்வு, ஐந்து கட்டை சுமார் 196. அதிர்வை ஹெர்ட்ஸ் என்ற கணக்கில் சொல்வார்கள்.

இனி பேச்சுக்கு வருவோம். சாதாரணமாகப் பேசும்போது ஆண்களின் குரல் நாண்கள் வினாடிக்கு ஏறத்தாழ 100 முதல் 130 தடவை அதிர்கின்றன, பெண்களுக்கு 180 முதல் 220 வரை. நடுவில், சுமார் 145 முதல் 165 வரை ஒரு 'இரண்டுங்கெட்டான்' பகுதி. அங்கே இருக்கிற குரலைக் கேட்டால் காது கொஞ்சம் தடுமாறும். அதைத் தாண்டி, அதாவது மூன்று கட்டைக்கு மேலே போனால், கேட்பவர் காது பெண் குரல் பக்கம் சாய ஆரம்பிக்கும். ஆகவே பயிற்சிக்கு வருகிறவர் கோகிலமாக ஆக வேண்டியதில்லை. மூன்று முதல் ஐந்து கட்டைக்குள் சிரமமில்லாமல் பேச முடிந்தால் போதும். சுருதிப் பெட்டியோ, செல்போனில் இலவசமாகக் கிடைக்கிற சுருதி ஆப்போ வைத்துப் பழகலாம்.

'அப்போ சுருதியை ஏத்திட்டா வேலை முடிஞ்சதா?' என்று கேட்காதீர்கள். நிறையப் பேர் சறுக்குகிற இடமே இதுதான்! மிமிக்ரி கலைஞர்கள் பெண் குரலில் பேசுவார்களே, சுருதி உச்சத்தில் இருக்கும், ஆனால் ஆண் பேசுகிறார் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஏன்?

குரல் பிறக்கிற இடம் நாண். அதற்கு நிறம் கொடுப்பது தொண்டையிலிருந்து உதடு வரை இருக்கிற குழாய். ஆண்களுக்கு இது சுமார் 17 சென்டிமீட்டர், பெண்களுக்கு 14, 15. கல்யாண வீட்டில் நாதஸ்வரம் கேட்டிருப்பீர்கள். அதில் குட்டையான திமிரி வேறு மாதிரி ஒலிக்கும், நீளமான பாரி வேறு மாதிரி. தோராயமான உவமைதான், ஆனாலும் விஷயம் பிடிபடும். குழாய் நீளமாக இருந்தால் ஒலி மார்பில் அதிர்கிற மாதிரி கனமாக இருக்கும். குறுகினால் முகத்துக்கு முன்னால் வந்து பளிச்சென்று கேட்கும். சுருதியை மட்டும் ஏற்றிவிட்டுக் குழாயை அப்படியே விட்டால்தான் அந்த மிமிக்ரி குரல் வருகிறது.

எலும்பையும் சதையையும் வெட்டாமல் குழாயைக் குறுக்க முடியுமா? முடியும்! எஸ்.ஜானகி அம்மா குழந்தைக் குரலிலும் பாடியிருக்கிறார், நாமும் அசந்து போய்க் கேட்டிருக்கிறோம். தொண்டை ஒன்றுதான். நாக்கு, உதடு, குரல்வளை இவற்றின் நிலை மாறினால் உள்ளே அறையின் அளவு மாறிவிடுகிறது. பழக்கம், நம்ப முடியாத அளவுக்குப் பழக்கம், அவ்வளவுதான்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். கே.பி.சுந்தராம்பாள் 1935இல் 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தவர். உஷா உதுப்பின் குரல் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். இவர்களைப் பெண் இல்லை என்று யாராவது சொல்வார்களா? கனத்த குரலோடு இருக்கிற திருநங்கை அதை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று ஒரு கட்டாயமும் கிடையாது. 'எனக்கு வேணும்' என்று அவர் நினைத்தால்தான் பயிற்சி.

இனி நேராக உங்களிடம்...

பயிற்சி எடுக்கப் போகிற பெண்ணே, முதல் வேலை ஸ்ட்ரா வாங்குவது இல்லை. காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் போய்க் குரல் நாணைக் காட்டிவிடுங்கள். சின்ன டியூப் வழியாகப் பார்ப்பார்கள், வலிக்காது. நாணில் கட்டி, வீக்கம், அசிடிட்டியால் வந்த புண் ஏதாவது இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். வீங்கிய நாணோடு பயிற்சி செய்தால் சுளுக்கிய காலோடு ஓடுகிற கதைதான். பிறகு பேச்சுப் பயிற்சி நிபுணர், அதாவது ஸ்பீச் தெரபிஸ்ட். வாரம் ஒரு தடவை அவர், மற்ற நாளெல்லாம் நீங்களே.

வீட்டில் என்ன செய்வது? அரை டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவின் நுனி இரண்டு விரற்கடை மூழ்கட்டும். 'ஊ' என்று குரல் கொடுத்தபடியே மெதுவாக ஊதுங்கள், குமிழி வரும். கன்னம் லேசாக, தோள் தளர்வாக இருக்கட்டும். சிரிக்காதீர்கள், உலகம் முழுக்கப் பெரிய பெரிய பாடகர்கள் செய்கிற பயிற்சி இது! தண்ணீரின் எதிர் அழுத்தம், நாண்கள் ஒன்றோடொன்று மோதாமல் மெத்தென்று அதிர உதவுகிறது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் போதும். தினம் நாலைந்து தடவை செய்யலாம்.

அடுத்து ரீங்காரம். ஒரு கையை மார்பில் வைத்து, 'ம்ம்ம்' என்று உங்கள் பழைய குரலில் ஆரம்பியுங்கள். மார்பு கிர்ரென்று அதிரும். இப்போது அந்த அதிர்வை உதட்டுக்கும் மூக்கு ஓரத்துக்கும் கொண்டு வாருங்கள். உதடு கூசுகிற மாதிரி இருந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். அதே இடத்தை விடாமல் 'மீ... மீனா... மீன் வாங்கினியா?' என்று நீட்டுங்கள். ஈ, ஏ வருகிற வார்த்தைகளில் உதடு விரிந்து, நாக்கு முன்னே வந்து, குழாய் தானாகவே குறுகும். அதனால் அங்கே தொடங்குவது சுலபம். 'ஓ', 'ஊ' வந்தால் பழைய குரல் எட்டிப் பார்க்கும். அதை இரண்டாம் மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று வேடிக்கையானது. தெருவில் பெரிய நாய் வெயிலில் மூச்சிரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். குரல் இல்லாமல், வெறும் மூச்சில் அப்படிச் செய்து பாருங்கள். பிறகு பக்கத்து வீட்டு பொமரேனியன் மாதிரி! தொண்டைக்குள் அறை சின்னதாவது உங்களுக்கே தெரியும். விரலைக் குரல்வளை முட்டின் மேல் லேசாக வைத்தால் அது சற்று மேலே ஏறுவதும் தெரியும். எச்சில் விழுங்கும்போது மேலே போவதும், பெரிய கொட்டாவி விட்டால் கீழே இறங்குவதும் அதேதான். ஆனால் அதைப் பிடித்து மேலேயே நிறுத்திவைக்க முயற்சி செய்யாதீர்கள். கழுத்துத் தசை இறுகி, தலைவலிதான் மிச்சம். இதைத் தெரபிஸ்ட் கண்ணெதிரில்தான் பழக வேண்டும்.

குரல் வந்த பிறகு நடை. நம் பேச்சில் ஒரு 'அப்படியா' இருக்கிறதே, அதை ஆச்சரியமாக, சந்தேகமாக, கிண்டலாக, சலிப்பாக எத்தனை விதமாகச் சொல்கிறோம்! தட்டையாக ஒரே மட்டத்தில் பேசாமல், சுருதியை மேலும் கீழும் ஓடவிட்டுப் பழகுங்கள். வீட்டில் அம்மா, அத்தை, டீக்கடை அக்கா யார் பேசினாலும் காது கொடுங்கள். டி.வி. சீரியல் கதாநாயகியைக் காப்பியடிக்க வேண்டாம், அப்படி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

பத்துப் பதினைந்து நிமிஷமாக, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை. முதலில் வார்த்தை, பிறகு வாக்கியம், பிறகு நம்பிக்கையான ஒரு சிநேகிதியிடம் போன், பிறகு பஸ்ஸில் "ஒரகடம் ஒண்ணு குடுங்கண்ணா". கடைசியில்தான் சிரிப்பு, இருமல், தும்மல். யோசிக்காமல் வருகிறவை அல்லவா, அவைதான் லேசில் மாறாது!

எத்தனை நாளில் வரும் என்கிறீர்களா? சிலருக்குச் சில வாரங்களிலேயே வித்தியாசம் தெரியும். தூக்கக் கலக்கத்தில் போனை எடுத்தாலும் அதே குரல் வர வேண்டும் என்றால் மாதக் கணக்கில், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். வாரம் ஒரு தடவை குரலை ரெக்கார்ட் செய்து தேதி போட்டு வையுங்கள். ஆரம்பத்தில் அதைக் கேட்கவே பிடிக்காது, சிலருக்கு அழுகையே வரும். அன்றன்றைக்குக் கேட்க வேண்டாம். இரண்டு மாதம் கழித்து முதல் வாரத்தையும் எட்டாவது வாரத்தையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வலி என்பது முன்னேற்றம் இல்லை. பயிற்சி முடிந்து தொண்டை வலித்தாலோ, குரல் கரகரத்தாலோ செய்முறை தப்பு. அன்றைக்கு நிறுத்துங்கள். கரகரப்பு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் ஓடுங்கள். 'கள்ளக்குரல்' என்று பாட்டு வாத்தியார்கள் திட்டுவார்களே, அந்த உச்சஸ்தாயிப் பொய்க்குரலிலேயே நாள் முழுக்கப் பேசுவதும் வேண்டாம். குசுகுசு என்று ரகசியக் குரலில் பேசினால் நாணுக்கு ஓய்வு என்று நினைப்பதும் தப்பு. பலருக்கு அது சிரமத்தைக் கூட்டத்தான் செய்யும். தொண்டையை 'க்க்கும்' என்று செருமுவதை விட்டுவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள்.

ஃபேக்டரி, தண்ணீர், பாத்ரூம்

தண்ணீர் என்றதும் நிற்க வேண்டியிருக்கிறது. குரல் நாண் ஈரமாக இருந்தால்தான் சுலபமாக அதிரும் என்பதை எல்லா டாக்டர்களும் சொல்வார்கள். ஒரு நாளைக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் குடி என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். சரி, குடித்தால் பாத்ரூம் போக வேண்டாமா? லைனில் நிற்கிற எந்தப் பெண்ணுமே பிரேக்குக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறாள். திருநங்கைக்கு அதற்கு மேல் ஒரு கேள்வி: எந்தப் பாத்ரூம்? ஆண்கள் பக்கம் போனால் பயம், பெண்கள் பக்கம் போனால் முணுமுணுப்பு. கடைசியில் ஷிஃப்ட் முழுக்க ஒரு சொட்டு குடிக்காமல் வறண்ட தொண்டையோடு வீடு திரும்பி, அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு பயிற்சி! இதற்குக் குரல் பயிற்சியில் மருந்து கிடையாது. இதைப் படிக்கிறவர்களில் யாராவது சூப்பர்வைசராகவோ ஹெச்.ஆர். ஆபீசராகவோ இருந்தால், இது உங்கள் மேஜையில் தீர வேண்டிய பிரச்னை.

இரைச்சல் இன்னொரு வில்லன். பிரஸ் ஷாப் பக்கத்தில் நின்றால் யாராயிருந்தாலும் கத்தித்தான் பேசுவோம். நம்மை அறியாமலே குரல் ஏறும். புதிதாகப் பழகுகிறவருக்குக் கத்தும்போது பழைய மார்புக் குரல்தான் சட்டென்று வரும், இல்லாவிட்டால் புதுக் குரலை நெரித்துக் கத்தி நாண் வீங்கும். பலமாகப் பேசுவது பயிற்சியின் கடைசிப் பாடம். அதுவரை லைனில் கிட்டே போய்ப் பேசுங்கள், கைச் சைகை, விளக்கு சிக்னல் எது உண்டோ அதைப் பயன்படுத்துங்கள். இயர் பிளக் கட்டாயம் போடுங்கள்.

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, பரோட்டா சால்னா சாப்பிட்ட கையோடு படுத்தால் வயிற்று அமிலம் மேலேறி நாணைப் புண்ணாக்கும். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரமாவது கழித்துத் தலையணையில் சாயுங்கள். இது எல்லா ஷிஃப்ட்காரர்களுக்கும் பொருந்தும்.

சரி, பயிற்சிக்குத் தனிமை? ரூமுக்கு நாலைந்து பேர் இருக்கிற இடத்தில் 'மீ... மா...' என்று எப்படிப் பாடுவது? வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 தொழிலாளிகள் தங்குகிற அளவுக்கு ஒரு விடுதி திறந்தார்கள். அவ்வளவு பேர் நெருக்கமாக வாழ்கிற பிரதேசம் இது. ஸ்ட்ரா பயிற்சிக்குச் சத்தம் குறைவு. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு ரீங்காரம் பழகலாம். செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் நடந்தால், யாருடனோ பேசுவதாகத்தான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். வண்டி ஓட்டத் தெரிந்தவருக்கு ஹெல்மெட்டை விட நல்ல பாட்டு ரூம் எது?

ஆபரேஷன் செய்துவிடலாமா?

ஆபரேஷன்கள் உண்டு. ஒன்றில், குரல் நாண்களின் முன்பகுதியைச் சேர்த்துத் தைத்து, அதிர்கிற நீளத்தைக் குறைக்கிறார்கள். இன்னொன்று ஜப்பானிய டாக்டர் இஷிக்கி 1970களில் பிரபலமாக்கியது, குரல்வளைக் குருத்தெலும்புகளைக் கிட்டே இழுத்து நாணை விறைப்பாக்குவது. இரண்டுமே சுருதியை மட்டும்தான் ஏற்றும். குழாயின் நிறத்தையோ பேச்சு நடையையோ தொடாது. ஆபரேஷனுக்கு அப்புறமும் பயிற்சி வேண்டும். குரலின் பலம் குறையலாம், கரகரப்பு தங்கிவிடலாம். ஃபேக்டரியில் வேலை பார்க்கிறவர் இதைப் பத்துத் தடவை யோசிக்க வேண்டும். ஆகவே முதலில் பயிற்சி, போதவில்லை என்றால் நிதானமாக ஆபரேஷன் என்பதுதான் விவேகம். தொண்டையில் துருத்துகிற முட்டைச் சீவிவிடுகிற ஆபரேஷன் வேறு. அது பார்வைக்கு மட்டும், குரல் மாறாது.

அம்மா அப்பாவுக்கு ஒரு வார்த்தை

ஸ்பீச் தெரபிஸ்ட்டுகளிடம் அடிக்கடி வருகிற கேஸ் ஒன்று உண்டு. "பையனுக்குப் பதினெட்டு வயசாகுது, குரல் உடையவே இல்லை, காலேஜ்ல கேலி பண்றாங்க" என்று அழைத்து வருவார்கள். அது பியூபர்ஃபோனியா. பெரும்பாலும் பயிற்சியிலேயே சரியாகிவிடும். அந்தப் பையனுக்குக் குரலை இறக்கிக் கொடுத்து நிம்மதி தருகிற அதே கைதான், திருநங்கைக்கு ஏற்றிக் கொடுக்கிறது. கேலிக்குப் பயந்து குன்றிப்போன பையனுக்காகத் துடிக்கிற பெற்றோர், இவளுக்காகவும் அதே கிளினிக் வாசலில் உட்காரலாமே! ஆனால் ஒன்று. பெண்ணாக வாழ விரும்புகிற பிள்ளையை இழுத்துக்கொண்டு போய், "டாக்டர், இவன் குரலை ஆம்பளைக் குரலாக்கிடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். அது வைத்தியம் இல்லை.

வீட்டில் செய்யக்கூடிய உதவி சின்னதுதான். பயிற்சி நேரத்தில் கதவைத் தட்டாதீர்கள். "உன் பழைய குரலே நல்லாத்தானே இருந்துச்சு" என்று சொல்லாதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் குரல் வழுக்கிவிட்டால் சுட்டிக்காட்டாதீர்கள், சிரிக்காதீர்கள். களைத்துப்போன நேரத்தில் யாருக்கும் அது வழுக்கும். அவள் வைத்துக்கொண்ட பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அவள் குரலில் புதுசாக ஒன்று வருகிறபோது காதில் விழுகிற முதல் ஆள் நீங்கள்தான்.

2008 ஏப்ரல் 15 அன்று தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைந்தது. அதே வருஷம் விஜய் டி.வி.யில் ரோஸ் 'இப்படிக்கு ரோஸ்' நடத்தினார். 2014 ஆகஸ்ட் 15 அன்று கோயம்புத்தூர் லோட்டஸ் நியூஸில் பத்மினி பிரகாஷ் செய்தி வாசித்தார். இந்தியாவின் முதல் திருநங்கை செய்தி வாசிப்பாளர் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. கேமரா முன்னால், பிசிறில்லாமல், உச்சரிப்பு சுத்தமாக, இத்தனை நிமிஷத்துக்குள் என்று வாசித்தாக வேண்டிய வேலை அது. வாயே திறக்கப் பயந்த எத்தனை பேர் அன்றைக்கு டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பார்கள்!

எங்கே போவது?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருப்பவர்கள் முதலில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் நாணைக் காட்டலாம். சென்னை என்றால் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. பெங்களூரு ஹைவேயில் பஸ் ஏறினால் போரூர். அங்கே ராமச்சந்திராவில் பேச்சு, கேட்புத் துறையே தனியாக இருக்கிறது, அதில் படிப்பும் நடத்துகிறார்கள். தனியார் கிளினிக் என்றால், தெரபிஸ்ட் பி.ஏ.எஸ்.எல்.பி. அல்லது அதற்கு மேல் படித்தவரா என்று பாருங்கள். "குரல் சிகிச்சை செய்கிறீர்களா? திருநங்கையருக்குப் பயிற்சி கொடுத்த அனுபவம் உண்டா?" என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். தயங்காதீர்கள். திக்குவாய்க்கும் குழந்தைப் பேச்சுக்கும் மட்டுமே பார்க்கிறவர்கள் பலர் உண்டு. அவர்களே வேறு ஒருவரைச் சொல்லி அனுப்புவார்கள். நேரில் போக முடியாத ஷிஃப்ட் என்றால், முதல் பரிசோதனைக்கு அப்புறம் வீடியோவில் வகுப்பு எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள்.

முதல் நாள் போகும்போது, எடுத்துக்கொள்கிற மாத்திரைகளின் சீட்டு, ஒரு பாட்டில் தண்ணீர், முடிந்தால் கூட ஒரு ஆள். டோக்கன் கொடுக்கிற இடத்தில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதை எழுதியே கொடுத்துவிடுங்கள். வரிசையில் உங்கள் பெயரைக் கூப்பிடும்போது 'இதோ' என்று சொல்ல வேண்டியிருக்கும். எந்தக் குரலில் வந்தாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டு உள்ளே போங்கள்.